மாரத்தானுக்கு 14 வாரம், விடாத கால் வலி: ஓடலாமா, விலகலாமா?

விளையாட்டு மருத்துவர் பதில் அளிக்கிறார். கடிதம் எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

கடிதத்தின் சுருக்கம்

வாசகிக்கு வயது 38. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முழுநேர வேலை, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், ஷிப்ட் முறையில் வேலைக்குச் செல்லும் கணவர் என்று நாள் முழுவதும் நிரம்பிய வாழ்க்கை. மூன்று ஆண்டுகளுக்கு முன் நடைப்பயிற்சியாகத் தொடங்கியது மெல்ல ஓட்டமாகி, இதுவரை இரண்டு அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். இன்னும் 14 வாரங்களில் நடக்கவிருக்கும் முழு மாரத்தானுக்குப் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு, கைப்பேசிச் செயலி ஒன்று வகுத்துக் கொடுத்த அட்டவணைப்படி செவ்வாய் 10, புதன் 12, வியாழன் 10, சனி 8, ஞாயிறு 25 என வாரத்துக்கு 65 கிலோமீட்டர் ஓடுகிறார். காலை 4.15 மணிக்கு எழுந்து வெறும் வயிற்றில் ஓடுகிறார். அலுவலகத்தில் மதியம் வரை காபி மட்டும்தான். இரவு படுக்கும்போது மணி 11. ஆறு மாதத்தில் எடை 57 கிலோவிலிருந்து 51 ஆகியிருக்கிறது.

மூன்று வாரங்களாக இடது கீழ்க்காலின் உட்புறமாக எலும்பில் வலி. தொடங்கிய ஐந்தாம் நாள் எடுத்த எக்ஸ்-ரேயில் எதுவும் தெரியவில்லை. எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார். மாதவிடாய் மூன்று மாதங்களாக வரவில்லை; உடன் ஓடும் தோழி, "நன்றாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு அப்படித்தான்" என்று சொல்லியிருக்கிறார். கணவரோ, "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, மொத்தமாக நிறுத்திவிடு" என்கிறார். வலியைப் பொறுத்துக்கொண்டு பந்தயம் வரை ஓட்டத்தைத் தொடரலாமா, ஷூவை மாற்றினால் சரியாகுமா, வேலையும் குடும்பமும் உள்ள ஒருத்திக்கு மாரத்தான் ஆசை தகுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டின் சமீபத்திய பக்கங்களையும் அனுப்பியது நல்ல காரியம். கடிதம் சொல்லாத பலவற்றை அவை சொல்கின்றன. "புதன் விடுபட்டது. வியாழன் 12 + 10 = 22. முடித்தேன்" என்று ஓரிடத்தில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். அதற்கு மூன்று நாள் கழித்து, "ஞாயிறு 25. வலி 4/10. மாத்திரை 1." அடுத்த ஞாயிறு, "வலி 6/10. மாத்திரை 2. இரவு கால் விண்விண் என்றது." உங்கள் மன உறுதியைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சரியாகச் சொன்னால், இப்போதைய சிக்கலில் பாதி அந்த உறுதியால் வந்ததுதான்.

கேட்ட வரிசையில் இல்லாமல், அவசரம் எதற்கு அதிகமோ அந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

முதலில், அந்த வலி

இன்றிலிருந்து ஓட வேண்டாம். ஒரு மருத்துவர் உங்கள் காலைத் தொட்டுப் பார்த்து, தேவையான படமும் எடுத்து, இன்னது என்று சொல்லும் வரை ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம்.

ஓடுகிறவர்களுக்குக் கீழ்க்காலின் உட்புறத்தில் வரும் வலி பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஓட்டக்காரர்கள் 'ஷின் ஸ்ப்ளின்ட்' என்று சொல்லும் முதல் வகை, எலும்பின் உள்விளிம்பு நெடுக ஐந்து சென்டிமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் பரவிய வலி. அழுத்தினால் ஒரு கோடுபோல நீளமாக வலிக்கும்; ஓடத் தொடங்கும்போது இருந்து, உடல் சூடானதும் சற்றுக் குறையும். இரண்டாவது, எலும்பிலேயே நுண்விரிசல் விழத் தொடங்கும் நிலை, அதாவது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். இதில் வலி ஒரே இடத்தில் குவியும், ஓட ஓடக் கூடும், கடைசியில் நடக்கும்போதும் படுத்திருக்கும்போதும் வரும். "கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே, ஒரு விரல் நுனியால் மூடிவிடக்கூடிய இடம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரவில் வலி இருக்கிறது. ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தபோது தாங்க முடியவில்லை என்றும் சொல்கிறீர்கள். கடிதத்தைக் கொண்டு நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் இந்த மூன்றும் சேர்ந்தால் நான் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அந்தக் குதிக்கும் சோதனையை இனி வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

எக்ஸ்-ரே சரியாக இருந்ததே என்று கேட்பீர்கள். இத்தகைய நுண்விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆறத் தொடங்கி, அந்த இடத்தில் புது எலும்பு படிந்த பிறகே பலருக்குக் கண்ணில் படுகிறது. சிலருக்குக் கடைசி வரை தெரிவதே இல்லை. எனவே ஐந்தாம் நாள் எடுத்த படம் பெரிய முறிவு எதுவும் இல்லை என்று காட்டுமே தவிர, உங்கள் எலும்பு நலமாக இருப்பதாகச் சான்று தராது. எலும்புக்குள் நீர் கோத்திருப்பதைத் தொடக்கத்திலேயே காட்டுவது எம்ஆர்ஐ ஸ்கேன்தான். அதை எடுக்கும்படி மருத்துவரிடம் நீங்களே வெளிப்படையாகக் கேளுங்கள்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொண்டால், ஓட்டத்தை நிறுத்துவது தண்டனையாகத் தோன்றாது. புதிய சுமை ஒன்று விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதிகளைக் கரைக்கிறது, அதன் பிறகே அங்கே புதியதைப் படிய வைக்கிறது. கரைப்பது விரைவாக நடந்துவிடும்; படிந்து இறுகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட சில வாரங்களில் எலும்பு முன்பு இருந்ததைவிடச் சற்று வலுக்குறைந்தே இருக்கும். இதயமும் நுரையீரலும் தசைகளும் அதற்குள் தேறிவிடுவதால் மூச்சு வாங்காது, கால் சோராது, இன்னும் ஓடலாம் என்றே தோன்றும். மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் வந்து சிக்கிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

உங்கள் குறிப்பேட்டில் இன்னொன்றும் தெரிகிறது. மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு வேலையால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் விடுபட்டிருக்கின்றன. அதற்கு முன் நீங்கள் ஓடிய மிக நீண்ட தூரம் 16 கிலோமீட்டர். திரும்பி வந்ததும், 'அட்டவணையைப் பிடித்துவிட வேண்டும்' என்று நேராக 25 ஓடியிருக்கிறீர்கள். வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்ற விதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த விதிக்கு ஆய்வு ஆதரவு அவ்வளவு வலுவாக இல்லை. நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், 10 சதவீத விதிப்படி கூட்டியவர்களுக்கும் வழக்கமான அட்டவணையில் ஓடியவர்களுக்கும் காயத்தில் வேறுபாடு தெரியவில்லை. அதே சமயம், 5,000க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்து 2025இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. முந்தைய 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தாவியவர்களுக்குக் காயம் கூடுதலாக ஏற்பட்டிருந்தது. நீங்கள் தாவியது 50 சதவீதத்துக்கும் மேல். வாரக் கூட்டுத்தொகை 65ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேனே என்று எழுதியிருக்கிறீர்கள். எலும்பின் மேல் விழுந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையின் 25.

மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் பெயர் குறிப்பிட்டிருக்கும் மாத்திரை ஐபுப்ரோஃபென் வகை. நீண்ட ஓட்டத்தில் உடல் நீரிழக்கும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தம் இயல்பாகவே குறைகிறது. அந்த ரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேதிப்பொருளின் உற்பத்தியைத்தான் இவ்வகை மாத்திரைகள் தடுக்கின்றன. வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பையும் புண்ணாகலாம். இதற்கெல்லாம் மேலாக, நிறுத்து என்று சொல்லும் ஒரே குரலை அது அடக்கிவிடுகிறது. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலை வந்தால், அன்றைக்கு ஓட்டம் கிடையாது என்பதே பொருள்.

ஷூ பற்றிய கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடிய ஜோடியை மாற்றுவது நல்ல வழக்கம், மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வலிக்குக் காரணம் அதுவல்ல.

மாதவிடாய் நின்றது பயிற்சியின் வெற்றி அல்ல

உங்கள் தோழி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஓட்டக்காரர்களிடையே இந்த எண்ணம் நெடுநாளாகவே உண்டு. பயிற்சியாளர்கள் சிலரே அப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அது தவறு. சீராக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றால் காரணத்தைத் தேட வேண்டும் என்பதே மருத்துவ நடைமுறை.

முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். 38 வயதில் அதைத் தானாகவே 'இல்லை' என்று வைத்துக்கொள்ளக் கூடாது. தைராய்டு, புரோலாக்டின், சினைப்பை தொடர்பான காரணங்களையும் ரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். அவை எல்லாம் சரியாக இருந்தால், உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரங்கள் சுட்டுவது உணவுக்கும் உழைப்புக்கும் இடையே விழுந்த பள்ளத்தை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்கு ஒரு தனிப்பெயரே வைத்தது. சுருக்கமாக 'ரெட்-எஸ்' என்பார்கள். விளையாட்டுக்குச் செலவானது போக, உடலின் அன்றாடப் பணிகளுக்கு மிஞ்சும் ஆற்றல் போதாமல் போவதே அது. அப்போது உடல், உயிர் வாழ உடனடியாகத் தேவைப்படாதவற்றை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. இனப்பெருக்க இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) அந்த வரிசையில் முன்னால் நிற்கின்றன. அவற்றில் ஒன்றான ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு கரைவது கூடும். ஆகவே உங்கள் கால் வலியும் நின்றுபோன மாதவிடாயும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 51 கிலோ எடையில் 65 கிலோமீட்டர் என்றால் வாரத்துக்குச் சுமார் 3,300 கலோரி, நாளுக்கு 470. நீங்களோ முன்பு சாப்பிட்ட அளவுதான் சாப்பிடுகிறீர்கள். போதாக்குறைக்கு, 'கொழுப்புக் கரைய வேண்டும்' என்று இரவு உணவில் மாவுச்சத்தை அறவே விட்டிருக்கிறீர்கள். காலை 5 மணிக்கு ஓடிவிட்டு மதியம் 1 மணி வரை காபியோடு இருப்பதால், நாள் முடிவில் கூட்டுத்தொகை ஓரளவு சரியாக வந்தாலும், நாளின் பாதி நேரம் உடல் கடனில் ஓடுகிறது.

கைக்கடிகாரம் உடல்திறன் உயர்ந்திருப்பதாகக் காட்டுகிறது என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் வேகத்தையும் இதயத் துடிப்பையும் ஒப்பிட்டு ஊகிக்கப்படுவது. ஆறு கிலோ குறைந்த உடல் அதே துடிப்பில் சற்று வேகமாக ஓடும். அது திறன் கூடியதாகப் பதிவாகிவிடும். எலும்பின் நிலையை அளக்கும் வசதி அந்தக் கடிகாரத்தில் இல்லை.

மாற்ற வேண்டியது பெரிய விஷயம் இல்லை. ஓடுவதற்கு முன் எளிதில் செரிக்கும் மாவுச்சத்து சிறிதளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த முழுக் காலை உணவு வேண்டும். புரதம் நாளுக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை. உங்களுக்கு 60 முதல் 80 கிராம். இரவு மாவுச்சத்து திரும்பி வர வேண்டும். ஓட்டம் நின்றிருக்கும் இந்த வாரங்களில் சாப்பாட்டைக் குறைத்துவிடத் தோன்றும். எலும்பு ஆறுவதற்கும் ஆற்றல் தேவை என்பதால் குறைக்காதீர்கள். மாதவிடாயை வரவழைக்க யாரேனும் கருத்தடை மாத்திரையைப் பரிந்துரைத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அதில் ரத்தப்போக்கு வரும், ஆனால் அடிப்படைக் குறை தீர்ந்துவிட்டதா என்பது மறைந்துவிடும்.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருப்பது ஓடும் பெண்களிடம் அடிக்கடி காணப்படுவது. அளவு தெரியாமல் இரும்பு மாத்திரையைத் தொடங்க வேண்டாம். மருத்துவர் கொடுத்தால் காபியோடு சேர்த்து விழுங்க வேண்டாம்.

கணவர் சொல்வதும், ஐந்தே கால் மணி நேரத் தூக்கமும்

உங்கள் கணவருக்கு ஓட்டம் புரியவில்லை என்ற ஆதங்கம் கடிதம் முழுவதும் தெரிகிறது. அவர் சொல்லும் முடிவோடு எனக்கும் உடன்பாடு இல்லை. 38 வயது மாரத்தானுக்கு எந்த வகையிலும் அதிகமல்ல. முறையாகச் செய்தால் அந்த வயதில் தொடங்கியும் பல ஆண்டுகள் ஓடலாம். ஆனால் அவர் என்ன சொன்னார் என்று நீங்களே எழுதியிருப்பதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்: "சாப்பிடும்போதே தூங்கி வழிகிறாய், பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறாய், மாதம் ஒருமுறை சளி பிடிக்கிறது." இவை மூன்றும் அளவுக்கு மிஞ்சிய பயிற்சியைக் கண்டறிய நாங்கள் கேட்கும் கேள்விகள். அவரது முடிவு தவறு. அவர் கவனித்தது அத்தனையும் சரி. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மறந்துவிட்டதாக நீங்கள் விட்டுவிடக்கூடியவற்றை அவர் சொல்வார்.

இரவு 11 மணி முதல் காலை 4.15 வரை ஐந்தே கால் மணி நேரம். வயது வந்தவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது குறைந்தது ஏழு மணி நேரம்; ஓடுகிறவருக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம். பயிற்சி உடலைக் குலைக்கிறது; தேறி எழுவது தூக்கத்திலும் உணவிலும்தான். அலுவலகத்தின் மாதக் கடைசி நெருக்கடி, உடல்நலமில்லாத பிள்ளையோடு கண்விழித்த இரவு, ஓடிய 12 கிலோமீட்டர் என்று உடல் தனித்தனிப் பேரேடு வைத்துக்கொள்வதில்லை. எல்லாச் செலவும் ஒரே கணக்கில் ஏறுகிறது. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ஜப்பானின் யூகி கவாவுச்சியை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தீர்கள். அரசு ஊழியராக ஒரு பள்ளியின் அலுவலகத்தில் முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டே 2018இல், குளிரும் மழையும் எதிர்க்காற்றுமான நாளில் பாஸ்டன் மாரத்தானை வென்றவர் அவர். ஊக்கம் பெறுவதற்கு அவர் பொருத்தமானவர்தான். ஆனால் சிறுவயது முதல் ஓடி எலும்பையும் தசைநாரையும் பழக்கிக்கொண்டவர் அவர். அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதானால், வாரத்தின் பெரும்பாலான நாட்களை நிதான ஓட்டத்துக்கே ஒதுக்கியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குறிப்பேட்டில் அந்த நிதானம் ஒரு நாள்கூட இல்லை. 8 கிலோமீட்டரும் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 நொடி. 25 கிலோமீட்டரும் ஏறக்குறைய அதே. உடற்செயலியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் உயர்மட்டத் தாங்குதிறன் வீரர்களின் பயிற்சிகளை ஆராய்ந்தபோது, அவர்களுடைய பயிற்சி வேளைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் எளிதான வேகத்தில் இருப்பதைக் கண்டார். நேரம் குறைவாக உள்ள நம்மைப் போன்றவர்களோ இருக்கிற ஒவ்வொரு வேளையையும் 'பயனுள்ளதாக' ஆக்க நினைத்து, எளிதும் இல்லாமல் கடினமும் இல்லாமல் நடுவில் ஓடிக் களைக்கிறோம். எளிதான ஓட்டம் எது என்று அறிய கடிகாரம் தேவையில்லை. உடன் வருபவரிடம் முழு வாக்கியங்களில் பேச முடிகிறதா என்று பாருங்கள். மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். 220இலிருந்து வயதைக் கழித்துவரும் அதிகபட்ச இதயத் துடிப்பு எண்ணை நம்பி எல்லைகளை வகுக்க வேண்டாம். அது பலருக்கு 10 துடிப்புக்கு மேலேயே பிசகும்.

பந்தயத்தை என்ன செய்வது

உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

1. இப்படியே தொடர்வது. நுண்விரிசலாக இருந்தால் அது முழு முறிவாக மாறும் வாய்ப்பு உண்டு. அப்போது இழப்பது பந்தயத்தை மட்டுமல்ல. சில மாதங்கள் நடையையும்தான். இதை நான் பரிந்துரைக்கவில்லை.

2. அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்வது. பல பந்தயங்களில் குறிப்பிட்ட தேதிக்குள் மருத்துவச் சான்றோடு கேட்டால் பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருகிறார்கள். கட்டிய பணம் வீணாகிவிடும் என்ற எண்ணத்தில் முடிவைத் தள்ளிப்போடாமல், விதிமுறையை இன்றே படித்துப் பாருங்கள். எம்ஆர்ஐயில் விரிசல் தெரிந்தால் இதுதான் வழி.

3. குறைந்த தூரத்துக்கு மாறுவது. விரிசல் இல்லை, ஷின் ஸ்ப்ளின்ட் எனும் எலும்பு உறை எரிச்சல் மட்டும்தான் என்று தெரியவந்தால், அதே நாளில் 10 கிலோமீட்டர் பிரிவு இருக்குமானால், அதற்கு மாற்றிக் கேட்கலாம்.

முழுத் தூரமான 42.195 கிலோமீட்டரை இந்த முறை ஓடும் வாய்ப்பைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். லேசான நிலை என்றாலும் மூன்று முதல் ஆறு வாரம் ஓட்டம் கிடையாது. விரிசல் தெளிவாக இருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். அதன் பிறகு நடையும் ஓட்டமுமாக நான்கைந்து வாரம். எந்த வகையில் கூட்டினாலும் 14 வாரத்துக்குள் 30 கிலோமீட்டர் நீண்ட ஓட்டங்களுக்கு இடம் இல்லை. வருத்தம் இருக்கும், அதை மறைத்து ஆறுதல் சொல்வதில் பயனில்லை.

திரும்பி ஓடும்போது வாரம் எப்படி இருக்கலாம்

நடக்கும்போது வலி இல்லை, அழுத்தினாலும் வலி இல்லை, மருத்துவரும் சம்மதித்தார் என்ற மூன்றும் அமைந்த பிறகே தொடங்க வேண்டும். அதுவரை மருத்துவர் ஒப்புக்கொண்டால், வலி தராத அளவில் சைக்கிளும் நீச்சலும் உதவும். முதல் சில வாரங்கள் ஒன்றுவிட்டு ஒருநாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று 20, 25 நிமிடம் போதும். மறுநாள் காலையில் அந்த இடத்தில் வலி எட்டிப் பார்த்தால் ஒரு படி பின்வாங்குங்கள்.

முழுமையாகத் தேறியபின் ஐந்து நாள் அட்டவணையை நான்காகக் குறைக்கச் சொல்வேன்: இரண்டு எளிதான ஓட்டங்கள், நடுவில் சிறிது வேகம் கலந்த ஒன்று, நீண்ட ஓட்டம் ஒன்று. விட்டுப்போன நாளை மறுநாளோடு கூட்டாதீர்கள், விட்டது விட்டதுதான். நீண்ட ஓட்டத்தின் தூரத்தைச் செயலியைப் பார்த்து முடிவு செய்யாமல், கடந்த 30 நாட்களில் உண்மையிலேயே ஓடிய மிக நீண்ட தூரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஏழு நாளுக்குள் அடைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. ஒன்பது பத்து நாள் சுற்றாக வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கணவரின் ஷிப்ட் மாறும் உங்கள் வீட்டில் அதுவே எளிதாகவும் இருக்கலாம்.

உங்கள் வேலையில் ஒரு வசதி இருக்கிறது, அதை நீங்கள் இடைஞ்சலாகவே பார்க்கிறீர்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சியை வேண்டுமென்றே மூன்றில் ஒரு பங்கு குறைப்பது பயிற்சியாளர்களின் பொதுவான வழக்கம். உங்களுக்கு மாதக் கடைசி வாரம் எப்படியும் நெருக்கடி. அந்த வாரத்தை முன்கூட்டியே ஓய்வு வாரமாகக் குறித்துவிடுங்கள். இதுவரை அந்த வாரம் ஓட்டங்கள் விடுபட்டு, குற்ற உணர்வு சேர்ந்து, அடுத்த ஞாயிறு தாவலில் முடிந்தது. இனி குறைவாக ஓடுவதே அந்த வாரத்தின் திட்டம் என்று ஆகிவிடும், ஈடுகட்ட எதுவும் மிச்சம் இருக்காது.

வாரத்தில் இரண்டு முறை 20 நிமிடம் தசைப் பயிற்சி வேண்டும், குறிப்பாகக் கெண்டைக்காலுக்கு. படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்குவதை, முழங்காலை நீட்டி ஒருமுறையும் சற்று மடக்கி ஒருமுறையும் செய்யுங்கள். இதற்கு நேரம் எங்கே என்றால், குறைத்துவிட்ட ஐந்தாம் நாள் இருக்கிறது. அந்த நாளில் மிஞ்சுவதைத் தூங்கிக் கழியுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது குறிப்பேட்டையும் பழைய எக்ஸ்-ரேயையும் கொண்டுபோங்கள். மாதவிடாய் நின்ற விவரத்தை, கால் வலிக்குத் தொடர்பில்லாதது என்று விட்டுவிடாமல், முதலிலேயே சொல்லுங்கள். விரிசல் உறுதியானால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். இந்த வாரத்துக்குள் பார்த்தால் போதும். ஆனால் இடையில் வலி கால் எலும்பின் முன்முகட்டுக்கு மாறினாலோ, இடுப்பு மடிப்பில் புதிதாக வலி தொடங்கினாலோ, காலை ஊன்றி நடக்கவே முடியாமல் போனாலோ, அந்தக் காலில் எடையை வைக்காமல் அன்றே போய்விடுங்கள். தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் விழும் விரிசல் இடுப்பு மடிப்பு வலியாகத்தான் தொடங்கும், அது ஒரு நாள் தாமதத்தைக்கூடப் பொறுக்காது.